திருவனந்தபுரம்–துபாய்: போக 2.45 மணி, திரும்ப 5.30 மணியா?

உங்கள் வீட்டிலிருந்து துபாய் போய்வருபவரின் டிக்கெட்டைப் பார்த்தால் போக 2 மணி 45 நிமிடம், திரும்ப 5 மணி 30 நிமிடம் என்று வருகிறதே, தப்பா என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட்டில் தப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். நேர்கோட்டில் சுமார் 2,950 கி.மீ.

டிக்கெட்டில் போடும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் எழுதியபடி காலை 4.30க்குக் கிளம்பி 7.15க்கு இறங்கினால், நம் கடிகாரத்தில் அது 8.45. ஆக 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது இரவு 10 மணி என்பது நமக்கு 11.30, இறங்குவது 3.30. சரியாக 4 மணி.

மீதிக் கால் மணி வித்தியாசம் பெரும்பாலும் காற்றால். குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று, நம் பக்கம் வரும் விமானத்தை முன்னே தள்ளிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும் காற்று. அப்போது இந்த வித்தியாசம் குறையலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள்: திரும்பும் டிக்கெட்டில் இறங்கும் தேதி. இரவு 10க்கு ஏறினால் அடுத்த நாள் விடியற்காலைதான் அவர் இறங்குவார். எங்கள் வீட்டில் தேதியைக் கவனிக்காமல் ஒருநாள் முன்னதாகவே கார் பிடித்துப் போய், அம்மா விடியும்வரை விமான நிலைய வாசலில் நின்றார்.

அவரை அழைத்துவர எல்லை ஊரான களியக்காவிளையிலிருந்து காரில் போனால், அந்த நேரத்தில் வழியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எல்லாம் காலியாக இருக்கும். டிரைவரிடம் சாக்கை பக்கத்துச் சர்வதேச முனையம் என்று சொல்லுங்கள். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம்.