நுப்ரால இருந்து பாங்காங்: ஏன் காலைலயே கிளம்பணும்?

ஜூலைல பைக்ல லடாக் போற ஒரு வாசகர் ரெண்டு விஷயம் கேட்டிருக்கார். நிம்மு ஊர்கிட்ட ரெண்டு ஆறு சேருற சங்கமத்துல எது சிந்து, எது ஸன்ஸ்கார்? நுப்ரா பள்ளத்தாக்குல இருந்து, ஷியோக் ஆத்தை ஒட்டிப் போற ரோட்ல பாங்காங் ஏரிக்குப் போக மத்தியானம் கிளம்பினா போதுமா?

முதல் கேள்வி ஈஸி. லே ஊர்ல இருந்து ஸ்ரீநகர் ரோட்ல சுமார் 35 கிலோமீட்டர்ல மேல நின்னு பாக்குற வியூ பாயின்ட் வரும். ஆத்தைப் பாத்து நின்னா இடது கைப்பக்கம் இருந்து வர்றது சிந்து, எதிர்ல மலையைப் பொளந்துக்கிட்டு வர்றது ஸன்ஸ்கார். கலரை மட்டும் நம்பாதீங்க, சீசனுக்கு சீசன் மாறும். ஜூலைல ஸன்ஸ்கார்தான் சேறும் சகதியுமா தண்ணியைக் கொண்டாந்து கொட்டும், ஆனா அதுக்கப்புறம் பேரு என்னவோ சிந்துக்குத்தான், பாவம்.

ரெண்டாவதுதான் முக்கியம். மத்தியானம் வேண்டவே வேண்டாம். ஷியோக் ஆறு ரிமோ பனிப்பாறைல பொறக்குது, நுப்ரா ஆறு சியாச்சின் பனிப்பாறைல, ரெண்டும் டிஸ்கிட் ஊர் பக்கத்துல சேருது. நீங்க அங்கிருந்து அகம்ங்கிற ஊரைத் தாண்டி ஷியோக் ஊர் வரைக்கும் ஆத்துக்கு எதிர்த்திசைல போவீங்க (மேப்ல பாருங்க, தென்கிழக்கா வந்த ஆறு அந்த ஊர்கிட்ட அப்படியே வடமேற்கா திரும்பிடும், புதுசா பாக்குறவங்க கண்டிப்பா குழம்புவாங்க). பெரிய ஆறு உங்களை ஒண்ணும் பண்ணாது, பக்கத்து மலைல இருந்து ரோட்டுக்குக் குறுக்க இறங்குற நாலாக்கள்தான் (மலை ஓடைங்க) ஆளைக் கவுக்கும். வெயில் ஏற ஏற மேல பனி உருகும், அந்தத் தண்ணி கீழ வந்து சேர நேரம் ஆகும், அதனால மத்தியானத்துக்கு மேலதான் வரத்து கூடும், ராத்திரி குளிர்ல திரும்ப வத்தும். காலைல அடில கூழாங்கல் தெரியுற அதே ஓடை மூணு மணிக்கு பழுப்பா பொங்கி, உள்ள கல்லு உருள்ற கடமுட சத்தம் கேக்கும்.

அதனால முந்தின ராத்திரி டிஸ்கிட்லயோ ஹுண்டர்லயோ தங்கிட்டு காலைல ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க. எதிர்ல வர்ற டிரைவரை நிறுத்தி தண்ணி எவ்வளவுன்னு கேளுங்க. ஓடைகிட்ட முன்னாடி ஒரு ஜீப்பை விட்டு டயர் எவ்வளவு முங்குதுன்னு பாத்துட்டு, அது போன தடத்துலயே ஃபர்ஸ்ட் கியர்ல, நடுவுல நிறுத்தாம போங்க. ஆனா மேல மழை பேஞ்சா இந்தக் காலை கணக்கெல்லாம் செல்லாது, அப்போ கர்துங் லா கணவாய் வழியா லே ஊருக்கே திரும்பி, சாங் லா கணவாய் ஏறி பாங்காங் போயிடுங்க, ஒரு நாள் போனா போகட்டும்.