டயட்டம்களை இனங்காணலும் படமெடுத்தலும்: கேள்வி பதில்

கேள்வி: குளத்துக் கல்லிலிருந்து சுரண்டிய பழுப்புப் படலத்தில் படகு வடிவ டயட்டம்கள் (சிலிக்கா ஓடு கொண்ட ஒருசெல் பாசிகள்) நிறையத் தெரிகின்றன. எல்லாவற்றையும் நாவிகுலா என்று குறித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது, படகு வடிவம் பல பேரினங்களுக்குப் பொதுவானது. உயிருள்ள செல்லில் பழுப்பு நிறப் பசுங்கணிகங்கள் ஓட்டின் வரிகளை மறைத்துவிடுவதால், முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கிக் கரிமப் பொருளை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, வெறும் சிலிக்கா ஓட்டைப் பார்க்க வேண்டும். (கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.) ராபே என்னும் நெடும்பிளவு நாவிகுலாவில் நடுவில் ஓடும், நிட்சியாவில் விளிம்பை ஒட்டியிருக்கும், காக்கோனெய்ஸில் ஒரு வால்வில் (ஓட்டின் இரு பாதிகளுள் ஒன்றில்) மட்டுமே இருக்கும் என்பதால், அதன் இரு வால்வுகளையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர முடியும். பேரினம் உறுதியான பின், 10 மைக்ரானுக்குள் எத்தனை வரிகள் என்று எண்ணுங்கள். பக்கவாட்டில் செவ்வகமாகக் கிடக்கும் ஓடுகளுக்குப் பெயரிட முயல வேண்டாம்.

கேள்வி: கிளிசரினில் பதித்ததும் ஓடுகள் கண்ணுக்கே தெரியவில்லையே?

பதில்: ஓட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.43, கிளிசரினுடையது 1.47, இவ்வளவு நெருங்கிய இரண்டுக்கிடையே மாறுபாடு எழாது. 1.52 கொண்ட கனடா பால்சமும் பெரிதாக உதவாது. 1.7 அளவிலான நாஃப்ராக்ஸ் போன்ற பிசினில் பதித்தால் வரிகள் அழுத்தமாகத் தெரியும்.

கேள்வி: என்.ஏ. (லென்ஸ் ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) 1.25 கொண்ட ஆயில் ஆப்ஜெக்டிவும் புதிய கேமராவும் இருந்தும், ஆம்ஃபிப்ளூரா பெல்லூசிடாவின் வரிகள் படத்தில் விழவில்லை. இன்னும் நல்ல கேமரா வேண்டுமா?

பதில்: வேண்டாம், குறை பெரும்பாலும், ஸ்லைடின்மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரில்தான். அந்த வரிகளின் இடைவெளி சுமார் 0.25 மைக்ரான். அலைநீளத்தை ஆப்ஜெக்டிவ், கண்டென்சர் இரண்டின் என்.ஏ. கூட்டுத்தொகையால் வகுத்தால் பிரித்தறியும் எல்லை கிடைக்கும். கண்டென்சர் காற்றில் 0.9 தருவதாகக் கொண்டால், 550 நானோமீட்டர் பச்சை ஒளியில் அந்த எல்லை 0.256 மைக்ரான், அதாவது விளிம்பிலேயே நிற்கிறீர்கள். 450 நானோமீட்டர் நீல ஒளியிலோ அது 0.21 ஆகக் குறைகிறது. ஆகவே நீல வடிகட்டியைப் போட்டு, கண்டென்சரின் துளையை முழுதும் திறந்து, ஒளியை ஒருபுறம் மறைத்துச் சாய்வாக விடுங்கள். அந்த ஒளி ஓட்டின் நீளவாட்டில் வரும்படி ஸ்லைடைத் திருப்பினால்தான் குறுக்கு வரிகள் பிரியும். ஆயில் இட்டுப் பயன்படுத்தும் கண்டென்சராக இருந்தால் அதற்கும் ஆயில் இடுங்கள். அரை மைக்ரான் இடைவெளி கொண்ட ப்ளூரோசிக்மா அங்குலாட்டமில் முதலில் பழகுவது நல்லது.

கேள்வி: பல குவியத் தளங்களில் எடுத்த படங்களை அடுக்கிச் சேர்ப்பது சரியா?

பதில்: வளைந்த காஸ்சினோடிஸ்கஸ் ஓட்டுக்கு அது ஏற்றது. வரிகளை எண்ணுவதற்கு மட்டும், ஸ்டேஜ் மைக்ரோமீட்டரால் (நுண்ணளவுகோல் பொறித்த ஸ்லைடால்) அளவிட்ட தனிப்படத்தையே பயன்படுத்துங்கள். அடுக்கும் மென்பொருள் சில வேளைகளில் இல்லாத வரிகளையும் வரைந்துவிடும்.