டிஸ்னி பாயிண்ட்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கேள்வி: நாங்கள் வட கரோலினா மாநிலம் சார்லட்டில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. கணவர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறோம். போன மாதம் ஆர்லாண்டோ போயிருந்தபோது டிஸ்னி வெகேஷன் கிளப் பற்றி ஒன்றரை மணி நேரம் விளக்கினார்கள். ஒரு ரிசார்ட்டில் பாயிண்ட் வாங்கிவிட்டால் ஆண்டுதோறும் அத்தனை பாயிண்ட் கிடைக்கும், அதைச் செலவழித்து டிஸ்னி ரிசார்ட்டுகளில் தங்கலாம் என்ற திட்டம். ரிவியரா ரிசார்ட்டில் 150 பாயிண்ட். பாயிண்ட்டுக்கு 230 டாலர் வீதம் மொத்தம் 34,500 டாலர். 20 சதவீதம் முதலில் கட்டினால் மீதியை 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணையாகக் கட்டலாமாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் ஒரு வாரம் போய்வர வேண்டும் என்று ஆசை. "2070 வரை உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொத்து" என்கிறார்கள். கணவருக்கு அரை மனது, எனக்கு முழு மனது. வாங்கலாமா?

— ஒரு வாசகி, சார்லட்

பதில்: அன்புள்ள சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலைக்கு, இந்தக் கடனில், இந்த ரிசார்ட்டில் வாங்காதீர்கள். டிஸ்னி பாயிண்ட்டே உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஆசைக்கு அதில் வழி இருக்கிறது. ஆனால் உங்களிடம் நீட்டப்பட்ட ஒப்பந்தம் அந்த ஆசைக்குப் பொருந்தவில்லை.

முதல் சிக்கல் நீங்கள் ஆறு பேர் என்பது. ரிவியராவில் டீலக்ஸ் ஸ்டுடியோவில், அதாவது ஒற்றை அறையில், 5 பேர் தங்கலாம். ஒரு படுக்கையறை வில்லாவிலும் 5 பேர்தான். மூன்று வயதுக்குக் குறைந்த, தொட்டிலில் தூங்கும் குழந்தையைத்தான் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். எனவே தாத்தா பாட்டி வரும் ஆண்டில் இரண்டு படுக்கையறை வில்லா வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஸ்டுடியோ வேண்டும். பாயிண்ட் கணக்கில் ஒரு படுக்கையறை வில்லா ஸ்டுடியோவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, இரண்டு படுக்கையறை வில்லா இரண்டரை மடங்குக்கும் மேல். 150 பாயிண்ட்டில் கோடையில் நீங்கள் நால்வரும் சாதாரண வியூ ஸ்டுடியோவில் ஒரு வாரம் பெரும்பாலும் தங்கிவிடலாம். ஆறு பேருக்கு இரண்டு ஆண்டுப் பாயிண்ட்டைச் சேர்த்தாலே இழுபறிதான். பக்கத்து ஆண்டில் நீங்கள் மட்டும் போக ஒன்றும் மிஞ்சாது. விற்பனை மேசையில் இதைக் கேட்டிருந்தால் 150-ஐ 250 ஆக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஸ்டுடியோவுக்கும் வில்லாவுக்கும் வேறொரு வித்தியாசமும் இருக்கிறது, பெரியவர்களோடு போகும்போது அதுதான் முக்கியம். ஸ்டுடியோவில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் மட்டும்தான். ஒரு படுக்கையறைக்கு மேல் போனால் அடுப்பு, பெரிய ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், துணி துவைத்து உலர்த்தும் மெஷின் எல்லாம் உள்ளேயே இருக்கும். சார்லட்டிலிருந்து எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய கார் பயணம்தான் என்பதால் மூன்று லிட்டர் குக்கரும் அரிசி பருப்பும் டிக்கியில் ஏறிவிடும். காலையில் இட்லியும் இரவில் ரசம் சாதமும் கிடைத்தால் ஏழு நாளைப் பெரியவர்கள் நிம்மதியாகக் கழிப்பார்கள். பார்க்குக்குள்ளே சாப்பாட்டுச் செலவும் நன்றாகக் குறையும்.

அடுத்தது நாள்காட்டி. நீங்கள் வாங்கும் ரிசார்ட்டுக்கு ஹோம் ரிசார்ட் என்று பெயர். அதில் தங்கும் நாளுக்கு 11 மாதம் முன்பே முன்பதிவு செய்யலாம். மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்புதான். குறைந்த பாயிண்ட்டில் கிடைக்கும் ஸ்டுடியோக்கள், உதாரணமாக போர்டுவாக்கின் சாதாரண வியூ அறைகளும் அனிமல் கிங்டம் லாட்ஜின் வேல்யூ அறைகளும், 11 மாத வாசல் திறக்கும் காலையிலேயே போய்விடும். 7 மாத வாசலுக்குக் காத்திருந்தவருக்கு மிஞ்சியதுதான். அடுத்த ஜூலை விடுமுறையை இந்த ஆகஸ்ட்டிலேயே முடிவு செய்ய வேண்டும் என்று இதற்கு அர்த்தம். உங்கள் கணவரின் அலுவலகம் அவ்வளவு முன்னால் விடுப்புக்கு வாக்குக் கொடுக்குமா? மாமனார் மாமியாரின் விசா, டிக்கெட், உடல்நிலை எல்லாம் அதற்குள் தெரிந்துவிடுமா? பாயிண்ட் வாங்கி வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பயணம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் யூஸ் இயர் என்று ஒரு தொடக்க மாதம் உண்டு. அந்த மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் சொன்னால் பாயிண்ட்டை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம், ஒரே ஒரு முறை. அடுத்த ஆண்டுப் பாயிண்ட்டை முன்கூட்டியே கடனாகவும் எடுக்கலாம். எடுத்த பிறகு திருப்பி வைக்க முடியாது. வரும் நாளுக்கு 31 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தால் பாயிண்ட் முழுசாகத் திரும்பும். 30 நாளுக்குள் ரத்து செய்தால் தனிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கொண்டு அடுத்த 60 நாளுக்குள் வரும் தங்கல்களை மட்டுமே பதிவு செய்ய முடியும். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அறுபது நாளுக்குள் இன்னொரு வாரம் எங்கே தேடுவது?

அதனால் கோடையில் போகிறவர்களுக்கு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் அல்லது ஜூன் யூஸ் இயர்தான் நல்லது. பிப்ரவரி என்றால் செப்டம்பர் 30 வரை சேமிக்க அவகாசம் இருக்கும். 31 நாளுக்கு முன்பே ரத்து செய்துவிட்டால், ஜூலைப் பயணம் கெட்டாலும் பாயிண்ட் கெடாது. செப்டம்பர் யூஸ் இயர் என்றால் ஏப்ரல் 30-ஓடு அந்த வாசல் மூடிவிடும். ஜூலையில் ரத்து செய்தால் ஆகஸ்ட் 31-க்குள் தங்கினால் உண்டு, இல்லையென்றால் அத்தனையும் போச்சு. விற்பவர்கள் தாங்களாக இதைப் பேசுவது அபூர்வம்.

இனி பணம். அவர்கள் போடும் கணக்கு ரொம்ப எளிது. பாயிண்ட்டுக்கு 230 டாலரை 2070 வரைக்கும் வகுத்தால் ஆண்டுக்கு ஐந்து டாலரைக் கொஞ்சம் தாண்டும், பிறகு பராமரிப்புக் கட்டணம், அவ்வளவுதான் என்பார்கள். அந்தப் பராமரிப்பு பாயிண்ட்டுக்கு சுமார் 9 டாலர் என்று வையுங்கள், 150-க்கு ஆண்டுக்கு 1,350. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 4 சதவீதம் கூடினால் 18 ஆண்டில் இரட்டிப்பாகும். 34,500 டாலரை 4 சதவீத வட்டியில் வேறெங்காவது போட்டிருந்தால் வந்திருக்கும் 1,380 டாலரும் செலவுதான். விலையை ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் வரும் சுமார் 780 டாலரையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 3,500, அதாவது பாயிண்ட்டுக்கு 23 டாலருக்கு மேல். இதே பாயிண்ட்டை ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் 20 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. வாடகை வருங்காலத்தில் ஏறும், நீங்கள் கொடுத்த விலை ஏறாது என்பது வாங்குவதன் பக்கம் உள்ள நியாயம். அந்த லாபம் கைக்கு வர ஆண்டுகள் பல ஆகும்.

விற்பவர்கள் ஒப்பிடுவது ஹோட்டலின் முழு அறை வாடகையோடு. அதன்மேல் 12.5 சதவீத வரி வேறு. அப்படிப் பார்த்தால் பாயிண்ட் மலிவாகத்தான் தெரியும். ஆனால் முழு வாடகை கொடுத்து நீங்கள் ஆண்டுதோறும் அங்கே தங்கியிருப்பீர்களா? ஆறு பேருக்கு டிஸ்னிக்குப் பக்கத்து ஊரான கிசிம்மியில் சமையலறையும் நீச்சல்குளமும் உள்ள மூன்று படுக்கையறைத் தனி வீடு எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று அதே ஜூலை வாரத்துக்குத் தேடிப் பாருங்கள். பார்க் டிக்கெட், சாப்பாடு, பெட்ரோல் எதுவும் பாயிண்ட்டில் அடங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடன் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். 20 சதவீதம் போக மீதி 27,600 டாலர். 11 சதவீதத்தில் 10 ஆண்டுக்கு மாதம் சுமார் 380 டாலர். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 18,000. பராமரிப்பையும் மாதக் கணக்கில் சேர்த்தால் 490-ஐத் தாண்டும். ஒரு வாரத் தங்கலுக்கு ஆண்டுக்கு 5,900 டாலர்! விடுமுறைக்கு ரொக்கம் இல்லாத ஆண்டில் விடுமுறையைச் சுருக்கிக்கொள்ளலாம், தவணையைச் சுருக்க முடியாது.

உங்கள் விசா நிலையில் இது இன்னும் கூர்மையான விஷயம். வேலை போய் 60 நாளுக்குள் வழி தேட வேண்டி வந்தால், இந்தியாவுக்கே திரும்ப நேர்ந்தால், ஒப்பந்தம் அப்படியே நிற்கும். பராமரிப்பு கட்டாமல் விட்டால் ஜப்தி நடவடிக்கை வரும். இங்கிருந்து போய், வரிச் சட்டப்படி வெளிநாட்டவரான பிறகு விற்றால், விற்ற தொகையில் 15 சதவீதத்தை வருமானவரித் துறைக்காகப் பிடித்துவைப்பார்கள், பிறகு கணக்குத் தாக்கல் செய்துதான் மீட்க வேண்டும். பாயிண்ட்டை ஆண்டுதோறும் பிறருக்கு வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், வணிக நோக்கில் வாடகைக்கு விடுவதை ஒப்பந்தமே தடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள். எப்போதாவது ஒரு முறை விடுவது வேறு.

"சொத்து" என்பது பாதி உண்மை. பத்திரம் உண்டு, ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் கவுன்ட்டியில் பதிவாகும், விற்கலாம், பிள்ளைகளுக்கும் எழுதலாம். ஆனால் இது குத்தகை. ரிவியரா 2070 ஜனவரியில் முடிகிறது, அன்று மதிப்பு பூஜ்யம். எழுதி வைத்தால் பராமரிப்புக் கட்டணமும் பிள்ளைகள் தலையில்தான். ரிவியராவுக்கு இன்னொரு தடையும் உண்டு. 2019 ஜனவரி 19 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ரிவியராவை உங்களிடமிருந்து மறுவிற்பனையில் வாங்குகிறவர் அந்தப் பாயிண்ட்டை ரிவியராவில் மட்டுமே செலவழிக்க முடியும். வாங்க ஆள் குறைவு, விலையும் குறைவு. திரும்ப விற்க நேரலாம் என்ற நிலையில் இருக்கும் குடும்பம் முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

என் யோசனை இது. அடுத்த இரண்டு விடுமுறைக்கு வாடகைப் பாயிண்ட்டில் போங்கள். ஒரு முறை நீங்கள் நால்வர் ஸ்டுடியோவில், ஒரு முறை ஆறு பேராக இரண்டு படுக்கையறையில். பெரியவர்களுக்கு பே லேக் டவர் ரிசார்ட் வசதி. மேஜிக் கிங்டம் பார்க்குக்கு நடந்தே போகலாம், மதியம் அறைக்கு வந்து படுத்து எழுந்து மாலையில் மறுபடியும் போகலாம். இரண்டு படுக்கையறை வில்லாவில் மூன்று குளியலறை இருக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜிலும் அப்படியே, விலங்குகள் மேயும் புல்வெளியைப் பார்த்த அறை என்றால் ஜன்னலிலேயே ஒட்டகச்சிவிங்கி தெரியும். ஆனால் எந்தப் பார்க்குக்கும் பஸ்தான், தூரமும் அதிகம். முகநூலில் அறிமுகமில்லாதவரிடம் பணம் அனுப்பாமல் தரகு நிறுவனம் வழியாக எடுங்கள். பதிவு உரிமையாளர் கணக்கில்தான் இருக்கும், அவரால் அதை ரத்து செய்யவும் முடியும். உறுதி எண் வந்ததும் டிஸ்னி செயலியில் போட்டு நாளும் அறையும் பெயர்களும் சரியா என்று பாருங்கள். வாடகைப் பணம் பெரும்பாலும் திரும்ப வராது, பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இரண்டு முறையும் 11 மாதம் முன்பே நாள் குறித்து, குறித்தபடி போய்வர முடிந்தால், கையில் ரொக்கமும் இருந்தால், மறுவிற்பனையில் வாங்குங்கள். சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை, அனிமல் கிங்டம் 2057 வரை, பே லேக் டவர் 2060 வரை. சரடோகா மறுவிற்பனையில் டிஸ்னியின் நேரடி விலையில் ஏறத்தாழ பாதிக்கே கிடைக்கும். இந்தப் பாயிண்ட்டை முதல் 14 ரிசார்ட்டுகளில் பயன்படுத்தலாம். ரிவியராவிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் முடியாது. ஆண்டு பாஸ், கடைத் தள்ளுபடி போன்ற நேரடி உறுப்பினர் சலுகைகளும் கிடையாது. விலை பேசி முடித்த பிறகும் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை டிஸ்னிக்கு உண்டு, அதற்கு ஒரு மாதம் வரை காத்திருக்க வேண்டும். பத்திரம் முடிய இரண்டு மாதம் என்று வையுங்கள். யூஸ் இயர் மாதம், இந்த ஆண்டுப் பாயிண்ட் மிச்சம் இருக்கிறதா, அடுத்த ஆண்டுடையதை விற்பவர் கடனாக எடுத்துவிட்டாரா, பராமரிப்பு பாக்கி உண்டா, இந்த ஆண்டுக் கட்டணம் யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். பதிவு நிறுவனம் டிஸ்னியிடமிருந்து வாங்கும் எஸ்டாப்பல் சான்றில் இவை இருக்கும். விற்பவர் சொன்னதோடு அதை வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.

இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழி இருக்கிறது. ஃபுளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள், ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். இந்த உரிமையை எந்தக் கையெழுத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. போனில் சொன்னால் செல்லாது. ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் முகவரிக்கு ஒப்பந்த எண், இருவர் பெயர், "ரத்து செய்கிறோம்" என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து, தேதி போட்டு சர்டிஃபைடு மெயிலில் அனுப்பி, தபால் ரசீதைப் பணம் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.