எல்லாம் ஆட்டோமேஷன் ஆகிவிட்ட அலுவலகத்தில் டீமை எப்படி உற்சாகமாக வைத்திருப்பது, வளர்ப்பது?

பாதி வேலை ஆட்டோமேஷனுக்குப் போய்விட்டது, ஆன்லைன் பயிற்சி வாங்கிக் கொடுத்தாயிற்று, ஊக்கத்தொகையும் அறிவித்தாயிற்று, ஆனாலும் டீம் சோர்ந்து கிடக்கிறது என்கிறீர்கள். நான் பல வருடங்களாக ஒரு மென்பொருள் சப்போர்ட் டீமை நடத்துகிறேன். நான் முதலில் பார்ப்பது, ஆட்டோமேஷன் கருவி வந்த பிறகு டீமில் ஒவ்வொருவர் கையிலும் என்ன வேலை மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான்.

இந்தப் பிரச்சினை கம்ப்யூட்டருக்கு முந்தையது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எரிக் டிரிஸ்ட்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முன்பெல்லாம் சில பேர் சேர்ந்த சிறு குழு, நிலக்கரியை வெட்டி வெளியே அனுப்புவது வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டது. இயந்திரங்கள் வந்ததும் 40, 50 பேரை மூன்று ஷிப்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு வேலையாகக் கொடுத்துவிட்டார்கள். முந்தைய ஷிப்ட் அரைகுறையாக விட்டது அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. உற்பத்தி எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, வேலைக்கு வராதவர்கள் அதிகமானார்கள். யார் எதைச் செய்வது என்று குழுவே பேசி முடிவுசெய்த சில சுரங்கங்களில், இயந்திரங்கள் வந்த பிறகும் வேலை நன்றாகவே நடந்தது.

உங்கள் டிக்கெட் சிஸ்டத்தை (வாடிக்கையாளரின் ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட்) ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒருவர் டிக்கெட்டை வகைபிரிக்கிறார், இன்னொருவர் டெம்ப்ளேட் பதிலை ஒட்டுகிறார், மூன்றாமவர் மூடுகிறார். வாடிக்கையாளரின் பிரச்சினை தீர்ந்ததா என்று மூன்று பேருக்குமே தெரியாது. இப்படி நாள் முழுக்க வேலை செய்பவருக்கு எங்கிருந்து உற்சாகம் வரும்? எங்கள் டீமில் டிக்கெட்டை எடுத்தவரே கடைசி வரை அதற்குப் பொறுப்பு. நிபுணர் உதவி தேவைப்பட்டால் கேட்கலாம், ஆனால் தள்ளிவிட்டுப் போக முடியாது. வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும் என்பேன்.

அடுத்து, வளர்ப்பது. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஆட்டோமேஷனின் முரண்களைப் பற்றி உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. சுலபமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, சிக்கலானது மட்டும் மனிதரிடம் வருகிறது. ஆனால் சிக்கலைச் சமாளிக்கும் திறமை தினசரிப் பழக்கத்தில்தானே வரும்? அந்தப் பழக்கத்துக்கான வேலையைத்தான் இயந்திரம் கொண்டுபோய்விட்டது. ஏஐ கருவிகள் வந்த பிறகு புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கோளாறு வந்தால் கீபோர்டு ஜூனியரிடம், சீனியர் பக்கத்து நாற்காலியில். ஒரு தடவை, ஒரே நேரத்தில் திறக்க முடிகிற டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எல்லாம் தீர்ந்து அப்ளிகேஷன் நின்றுவிட்டது. ஏஐ கருவி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. "சரி, பண்ணலாம். அதுக்கு முன்னாடி எந்தக் கனெக்‌ஷன் மூடாம கிடக்குதுன்னு பாரும்மா" என்றார் சீனியர். அந்தப் பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். புதிதாகச் சேர்த்த ஒரு ரிப்போர்ட், எடுத்த கனெக்‌ஷனைத் திருப்பித் தராமலே வைத்திருந்தது. அப்புறம் அதற்கான குறிப்பையும் அவளையே எழுத வைத்தோம். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு கோளாறு வந்தபோது, மற்றவர்கள் நேராக அவளிடம்தான் போனார்கள். அவள் முகத்தில் அன்று தெரிந்த தெம்பை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்த்ததில்லை.

வீடியோ பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வேலை நேரத்துக்குள் கொடுங்கள், கற்றதைப் பயன்படுத்த அந்த மாதமே ஒரு நிஜமான வேலையும் கொடுங்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து முடிக்கச் சொன்னால் சர்டிஃபிகேட் வரும், அதோடு சரி.

ஊக்கத்தொகை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: சம்பளம் நியாயமாக இருக்க வேண்டும், அதில் சமரசமே கூடாது. மூடிய டிக்கெட் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால், தீராத பிரச்சினையையும் மூடிவிடுவார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், டீமில் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள். போன மாதம் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்த வேலை எது? இந்தக் கருவி வந்த பிறகு உங்களுக்குக் கைவிட்டுப் போன வேலைகளில் எதைத் திரும்பச் செய்ய ஆசை? முதல் கேள்விக்கு எத்தனை பேர் யோசித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்கிறார்களோ, அவர்களுடைய வேலையிலிருந்து மாற்றத் தொடங்குங்கள்.