சி3, சி4 குறைவு என்றால் எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: எனக்கு வயது 26. மூட்டு வலி, அடிக்கடி காய்ச்சல் என்று போனதில் சில ரத்தப் பரிசோதனைகள் எழுதினார்கள். அதில் சி3 58, சி4 7 என்று வந்து, இரண்டுக்கும் பக்கத்தில் 'குறைவு' என்று போட்டிருக்கிறது. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தமா? இதை ஏற்ற என்ன சாப்பிட வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று தனியாக எதுவும் சாப்பிட வேண்டாம். நெல்லிக்காய், கருஞ்சீரகம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கஷாயம் எதைக் குடித்தாலும் இந்த இரண்டு எண்களும் அசையப் போவதில்லை. உங்கள் வயதில், மூட்டு வலியோடு, இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சி3, சி4 இரண்டும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதக் கூட்டத்தைச் சேர்ந்தவை, கல்லீரல் அவற்றை ஒழுங்காகத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தயாராவதைவிட வேகமாகச் செலவாகிறது.

நான் டாக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். இந்த காம்ப்ளிமென்ட் எனக்கு அறிமுகமானதே அதைக் கொல்கிற வேலையில்தான். வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் நோய்க்கான டெஸ்ட் போடுவதற்கு முன் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கிற நீர்) வாட்டர் பாத்தில் 56 டிகிரியில் அரை மணி நேரம் வைப்போம். சேர்ந்த புதிதில் எதற்கு என்று கேட்டேன். "காம்ப்ளிமென்ட்டைச் சாகடிக்கத்தான், வேற எதுக்கு?" என்றார் சீனியர் அக்கா. பாராட்டை எதற்குச் சாகடிக்க வேண்டும் என்று அன்றைக்கு முழுக்கக் குழம்பினேன். இரண்டு சொல்லுக்கும் ஆங்கில உச்சரிப்பு ஒன்றுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்தச் சூட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1890-களின் நடுவில் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஜூல் போர்தே என்ற பெல்ஜியக்காரர் வேலை பார்த்தார். காலராவுக்கு எதிராக ஊசி போட்ட பிராணியின் சீரம் காலராக் கிருமியைக் கரைத்தது. அதையே சூடாக்கினால் கரைக்கவில்லை. சூடாக்கியதில், ஊசியே போடாத ஒரு பிராணியின் புது சீரத்தைக் கொஞ்சம் விட்டார். மறுபடி கரைத்தது! அதாவது சூட்டைத் தாங்குகிற ஒன்று இருக்கிறது, அது ஆன்டிபாடி, அந்தக் கிருமிக்கென்றே உடம்பு செய்துகொள்கிற புரதம். சூட்டில் சாகிற இன்னொன்று ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் எல்லார் ரத்தத்திலும் இருக்கிறது. ஆன்டிபாடியின் வேலையை நிறைவு செய்கிறது என்பதால் அதற்கு காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தவர் பால் எர்லிக். போர்தேவுக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

அது ஒரே பொருள் இல்லை, முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் என்று பின்னால் தெரிந்தது. இதைச் சரவெடி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தீ பிடிக்கும். திரி மூன்று இடத்தில் இருக்கிறது. கிருமி மேல் ஆன்டிபாடி ஒட்டினால் சி1 பற்றிக்கொள்ளும். கிருமியின் மேலுள்ள சர்க்கரையைப் பார்த்தே பற்றிக்கொள்கிற திரி இன்னொன்று. மூன்றாவது விசித்திரமானது, யாரும் கொளுத்தாமலேயே எப்போதும் லேசாகப் புகைந்துகொண்டிருக்கும். மூன்றும் வந்து சேருமிடம் சி3. அது உடைந்து ஒரு துண்டு கிருமி மேல் ஒட்டி, வெள்ளை அணுக்களுக்கு 'இதைத் தின்னு' என்று அடையாளம் காட்டும். தொடர்ந்து சி5 உடைந்து, சி9 வரை வரிசையாகச் சேர்ந்து, கிருமியின் சவ்வில் ஓட்டை போடும்.

எப்போதும் புகைகிற திரி நம் அணுக்களை ஏன் எரிப்பதில்லை? நம் அணுக்கள் எல்லாம் ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கின்றன. சிடி55, சிடி59 என்ற புரதங்கள்தான் அந்தச் சாக்கு. பி.என்.எச். என்றொரு அபூர்வ நோயில், எலும்பு மஜ்ஜையில் ஒரு ஜீன் கெட்டுப்போய், சாக்கு இல்லாத சிவப்பணுக்கள் பிறக்கின்றன. சொந்த காம்ப்ளிமென்ட்டே அவற்றை உடைக்கும், சிறுநீர் கறுத்துப் போகும், ரத்தம் உறையும். சி5-ஐப் பிடித்து நிறுத்துகிற எக்குலிசுமாப் 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகுதான் இவர்களுக்கு விடிந்தது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அது வேறு. அந்த மருந்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போடுவார்கள். சி5-ஐ அடைத்துவிட்டால் மூளைக்காய்ச்சல் தருகிற மெனிங்கோகாக்கஸ் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். சி3 பொதுவாக 90 முதல் 180 வரை, சி4 10 முதல் 40 வரை இருக்கும் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்). தீபாவளிக்கு மறுநாள் வீட்டில் பட்டாசு இல்லை என்றால், வாங்கவே இல்லை என்றா நினைப்போம்? வாசலில் காகிதக் குப்பை கிடக்கிறதா என்று பார்ப்போம். டாக்டரும் அதைத்தான் தேடுவார். இரண்டும் சேர்ந்து குறைந்தால் முதல் திரி, ஆன்டிபாடித் திரி, எரிகிறது என்று பொருள். லூபஸ் என்ற நோயில் உடம்பு தன் டி.என்.ஏ.வுக்கே ஆன்டிபாடி செய்கிறது, அது கொத்துக் கொத்தாகச் சிறுநீரகத்திலும் மற்ற இடங்களிலும் படிகிறது, அங்கே காம்ப்ளிமென்ட் வெடித்துத் தீர்கிறது. உங்கள் டாக்டர் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். உறுதி செய்ய இந்த இரண்டு எண் மட்டும் போதாது.

சி3 மட்டும் இறங்கி சி4 சரியாக இருந்தால் கதை வேறு. எங்கள் தெருவில் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் காலெல்லாம் சிரங்கு. ஆறி மூன்று வாரத்தில் ஒரு நாள் காலையில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனது. சி3 பாதிக்கும் கீழே, சி4 பழுதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி விட்டுப்போன சிறுநீரக அழற்சி. அவன் அம்மாவும் உங்களை மாதிரியே, "சத்துக் குறைவாண்ணா?" என்றுதான் கேட்டார். எட்டாவது வாரம் மறுபடி பார்த்தபோது சி3 தானாகப் பழைய நிலைக்கு வந்திருந்தது. வராமலே இருந்தால்தான் வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

உண்மையிலேயே பிறவியில் இல்லாதவர்களும் உண்டு, ஆனால் மிக அபூர்வம். இதில் என்னை அசரவைத்த விஷயம் ஒன்று: பிறவியிலேயே சி1-ன் ஒரு பகுதியான சி1க்யூ இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. லூபஸில் சேதம் செய்வதே காம்ப்ளிமென்ட் என்றால், அது இல்லாதவர்களுக்கு லூபஸ் வரக்கூடாது, இல்லையா? செத்த அணுக்களைக் கூட்டி அள்ளுவதும் இதன் வேலை என்பதுதான் விடை. அள்ள ஆளில்லாமல் குப்பை தேங்கினால், உடம்பு அந்தக் குப்பையையே எதிரி என்று பழகிக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை, என் தலையில் நானே குட்டிக்கொண்ட அனுபவத்திலிருந்து. சிஎச்50 என்று ஒரு டெஸ்ட் உண்டு, முழுச் சரமும் வெடிக்கிறதா என்று ஆட்டுச் சிவப்பணுவை வைத்துப் பார்ப்பது. மே மாத மதியம் ஒரு சாம்பிளை மேஜை மேலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். சிஎச்50 கிட்டத்தட்ட பூஜ்யம். சி3, சி4 இரண்டும் நார்மல். சீனியர் அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்?" புதிதாக ரத்தம் எடுத்து உடனே குளிரில் வைத்துப் போட்டதும் சரியாக வந்தது; முதல் சாம்பிளில் காம்ப்ளிமென்ட் வேலை செய்யாமல் போனது மேஜை மேல் கிடந்ததால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, மூட்டு வாத நோய் நிபுணரைத் தள்ளிப்போடாமல் பார்ப்பது. லூபஸ் இருக்கிறதா என்று பார்க்க ஏ.என்.ஏ., டி.என்.ஏ. ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனைகளை எழுதுவார்கள். சிறுநீரில் புரதமும் ரத்தமும் போகிறதா என்று பார்க்காமல் மட்டும் விடாதீர்கள். சிறுநீரகம் வலிக்காமலேயே கெடும். சி3, சி4 திரும்ப எடுக்கும்போது அதே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். 58 என்பதைவிட, அது 58-லிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் அவர் பார்ப்பார்.