அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரைட்டின் கான்கிரீட் பிளாக் வீடுகளில் இணைப்புக் கலவையே தெரிவதில்லையே, சுவர் எப்படி நிற்கிறது?

பிடிப்பு பிளாக்கின் விளிம்பில் இருக்கிறது. ஃபிராங்க் லாயிட் ரைட் 1950களில் ‘யூசோனியன் ஆட்டோமேட்டிக்’ என்று பெயரிட்ட முறை இது. ஒவ்வொரு பிளாக்கின் விளிம்பிலும் அரைவட்டப் பள்ளம் ஓடும். இரண்டைச் சேர்த்து வைத்தால் முழுத் துளை. அதில் இரும்புக் கம்பியை நெடுக்காகவும் குறுக்காகவும் செலுத்தி, நீர்த்த சிமென்ட் கலவையை ஊற்றி நிரப்புவார்கள். பிளாக்குகளைப் பிணைப்பது இந்தக் கம்பிவலைதான்.

சிக்கலும் அங்கேதான். கலவை கெட்டியாக இருந்தால் பாதித் துளையிலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே கம்பி மூடப்படாமல் நிற்கும். தட்டையான கூரையிலிருந்து கசியும் நீர் அதைத் தொட்டால் துரு ஏறும். துருவேறிய கம்பி பருத்து பிளாக்கின் விளிம்பைப் பெயர்த்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள், வெற்றிடம் இருந்தால் ஓசை மாறும். நீர் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும். பிறகே கம்பியைச் சுற்றிலும் வெட்டித் துருவை நீக்கி நிரப்பலாம். மேலே நீர்புகாப் பெயின்ட் பூசுவது பெரும் தவறு, உள்ளே போன ஈரம் வெளியேறாது.

உரிமையாளரே குறைந்த செலவில் கட்டிக்கொள்வதே இந்த முறையின் நோக்கம். ஆனால் மூலை, ஜன்னல், கூரை என்று தனித்தனி அச்சுகள் தேவைப்பட்டதால் செலவு ஏறியது. நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில் 1955இல் ரைட் வடிவமைத்த கலில் வீடு நல்ல எடுத்துக்காட்டு: துளையிட்ட பிளாக்குகளில் கண்ணாடி பதித்து, அதையே ஜன்னலாக்கியிருக்கிறார்கள்.