மூடி போட்ட பெட்டியே வேண்டாம்!

கேள்வி: எனக்கு வயசு 34. ஏ.டி.எச்.டி.ன்னு (கவனம் ஒரு இடத்துல நிக்காத, படபடன்னு இயங்க வைக்கிற மூளை சார்ந்த குறைபாடு) போன வருஷம்தான் டாக்டர் சொன்னாங்க. லீவு நாள்ல வீட்டை ஒழுங்குபண்ணலாம்னு அலமாரியை மொத்தமா கீழ கொட்டுவேன், நடுவுல ஒரு பழைய போட்டோ கிடைக்கும், அதைப் பாத்துட்டே உக்காந்துடுவேன், ராத்திரி ஆனதும் எல்லாத்தையும் அட்டைப்பெட்டில திணிச்சு கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன். இப்ப அப்படி ஏழு பெட்டி இருக்கு. யாராவது வீட்டுக்கு வர்றேன்னாலே படபடன்னு வருது. நான் சோம்பேறியா மேடம்?

பதில்: சோம்பேறியா இருந்தா அலமாரியை எதுக்கும்மா மொத்தமா கொட்டப்போறாங்க! மனநலப் பிரச்சினைகளைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பாக்குற டி.எஸ்.எம்-5 கையேட்டுல (2013-ல வந்தது) ஏ.டி.எச்.டி.யோட கவனக்குறைவுக்கு 9 அறிகுறி இருக்கு, வேலையை ஒழுங்குபடுத்தத் திணறுறதும் பொருளை அடிக்கடி தொலைக்கிறதும் அதுலயே வருது. அதனால திட்டிக்கிறதை மொதல்ல நிறுத்துங்க.

கீழ கிடக்குற ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்வி. வெச்சுக்கலாமா, தூக்கிப்போடலாமா, எங்க வைக்கிறது? ஒரே நேரத்துல இருநூறு கேள்வி கேட்டா யாருக்குமே மூளை நின்னுடும், உங்களுக்கு இன்னும் சீக்கிரம் நிக்கும், அவ்ளோதான். அலமாரி பக்கமே போகாதீங்க, ஒரே ஒரு டிராயர், போன்ல 15 நிமிஷம் டைமர், அடிச்சதும் பாதில இருந்தாலும் எழுந்துடுங்க. போட்டோ கிடைச்சா பாக்காம ஒரு பையில போட்டு வைங்க, அதைப் பாக்க வேற நாள் இருக்கு.

அப்புறம் மூடி, கதவு எல்லாம் உங்களுக்கு ஆகாது. கண்ணுல படலன்னா அந்தப் பொருள் இருக்குறதே மறந்துபோயிடும், அப்புறம் அதையே திரும்ப வாங்குவோம். திறந்த கூடை, சுவத்துல கொக்கி, உள்ள இருக்குறது தெரியுற டப்பா, இது போதும். துணியைக் கழட்டி வழக்கமா எங்க போடுறீங்களோ அங்கயே கூடையை வைங்க, உங்க பழக்கத்தை மாத்துறதைவிட கூடையை நகத்துறது ஈஸி (என் வீட்டுல நாற்காலிதான் கூடை, நான் என்னத்த சொல்ல). பாக்க அழகா இருக்காது, பரவால்ல.

தனியா செய்யாதீங்க. ஃபிரெண்டை உதவிக்குக்கூட கூப்பிட வேணாம், சும்மா பக்கத்துல உக்காந்து அவங்க வேலையைப் பாக்கட்டும், இல்ல வீடியோ கால்ல இருக்கட்டும். இது நிறையப் பேருக்கு கைகொடுக்குது.

படபடப்பை மட்டும் டாக்டர்கிட்ட சொல்லாம விடாதீங்க. ஏ.டி.எச்.டி.யோட பதட்டமும் மனச்சோர்வும் சேர்ந்து வர்றது சகஜம், அதுக்கும் சிகிச்சை இருக்கு.

அந்த ஏழு பெட்டில ஒண்ணை மட்டும் வெளிய இழுங்க. குப்பைன்னு பாத்ததுமே தெரியுறதை மட்டும் எடுத்துப்போடுங்க, மத்தது இன்னைக்கு அப்படியே இருக்கட்டும்.